இல்லத்துச் சினமும் இளங்குழவிகளும்

ஊர்ப்பெயர்களையும் பழைய சத்திரங்களையும் பற்றி எழுதுவதே என் வழக்கமாயிருக்க, இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை இனியதன்று. ஆயினும் சரித்திரம் என்பது அரசர் பரம்பரையும் கல்வெட்டும் மட்டுமாகுமோ? வீட்டினுள் நிகழ்வதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை எழுதினோர் குறைவாதலின் தேடிக் கோத்தல் சிறிது வருத்தமாயிற்று.

நம் சங்கக் கட்டிடத்தின் முன்கூடத்தில் குடும்ப வழக்குகள் பேசித் தீர்க்கப்படுவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். கணவன் பக்கத்தார் ஒரு பாயிலும், மனைவி பக்கத்தார் ஒரு பாயிலும் அமர்வர். போட்ட நகை எத்தனை பவுன், வந்த சீர் யாது, முதலிற் கைநீட்டியவர் யார், இடையிற் புகுந்து பேசிய மாமியார் என்ன சொன்னார் என்பனவெல்லாம் ஒன்றுவிடாமல் விசாரிக்கப்படும். அவ்வேளையில் தூணைப் பற்றிக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். அதனை எவரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் கேட்கப்படுவது ஒரே வினாத்தான்: "உனக்கு அப்பா வேணுமா, அம்மா வேணுமா?" குழந்தை விழிக்கும், கூட்டத்தார் சிரிப்பர், பேச்சு மறுபடியும் நகைக்குத் திரும்பும். யானும் அக்கூடத்தில் பன்முறை அமர்ந்திருக்கிறேன். யானும் வேறு வினா கேட்டவனல்லேன்.

அத்தூணருகே நிற்கும் குழந்தையை உலகம் எப்பொழுது காணத் தொடங்கிற்று, நம் நாட்டுச் சட்டமும் வழக்கமும் அதனை எம்மட்டும் கண்டன என்பதே ஈண்டு ஆராயப்படும்.

நம் முன்னோர் குழந்தையைப் பாராட்டாதவரல்லர். மக்கட்பேற்றுக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களைக் கூறும். செங்கீரையும் தாலமும் சப்பாணியும் முத்தமும் அவற்றுள் உண்டு. குழந்தை அஞ்சி ஒடுங்கும் பருவம் என ஒன்று அங்கில்லை. பாட்டுடைத் தலைவன் வளரும் இல்லத்தில் அச்சத்திற்கு இடமேது என்று புலவர் கருதினர் போலும். அச்சத்தைப் பற்றி வள்ளுவர் விரித்துரைத்த இடம் வெருவந்த செய்யாமை, அது 57-ஆம் அதிகாரம், அரசனுக்குச் சொன்னது. குடிகளை நடுங்கச் செய்யும் கோல் நிலையாது என்பதே அவ்வதிகாரத்தின் கருத்து. வகுப்பில் அதனைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், இஃது அரண்மனைக்கு மட்டுமா, நாலு சுவர்க்குள் கோலோச்சும் இல்லத்தலைவனுக்கும் பொருந்துமன்றோ என்று எனக்குத் தோன்றும். உரையாசிரியர் எவரும் அவ்வாறு கொண்டிலர். இஃது அடியேன் துணிபு.

இனி மேனாட்டு வரலாற்றைச் சிறிது காண்போம். 1860-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் அம்புருவாஸ் தார்தியு என்பவர், பெற்றோராலும் வளர்ப்போராலும் அடித்து வதைக்கப்பட்ட குழந்தைகளின் உடற்காயங்களை ஆராய்ந்து எழுதினார். அவர் காலத்து வைத்தியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1874-இல் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில், மேரி எல்லன் வில்சன் என்னும் பத்து வயதளவினளாகிய சிறுமி வளர்ப்புத்தாயால் நாடோறும் அடியுண்பதை, ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று தொண்டாற்றிவந்த எட்டா வீலர் என்னும் அம்மையார் கேள்வியுற்றார். அவர் உதவி நாடிச் சென்ற இடங்களில் ஒன்றும் நடவாமையால், விலங்குகளின் வதையைத் தடுக்கும் சங்கத்தின் தலைவராகிய ஹென்றி பெர்க் என்பவரிடம் போய் முறையிட்டார். அவரும் அவருடைய வழக்கறிஞரும் முயன்று குழந்தையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தனர். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

குழந்தையும் ஒரு விலங்கே என்று வாதித்துத்தான் வழக்கில் வென்றனர் என்று ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான்; உண்மையன்று. மனிதர்க்குரிய சட்டத்தின் வழியாகவே அவள் மீட்கப்பட்டாள். ஆனால் அக்கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் விலங்குகளைக் காக்கும் சங்கம் 1824-இல் தோன்றிற்று. குழந்தைகளைக் காக்கும் சங்கம் லிவர்பூலில் 1883-இலும் லண்டனில் 1884-இலுமே தோன்றிற்று. வண்டிக்குதிரைக்கும் குழந்தைக்கும் இடையே அறுபதாண்டு. மேரி எல்லன் எட்டா வீலரின் குடும்பத்தாரால் வளர்க்கப்பட்டு, மணந்து, இரு புதல்வியரைப் பெற்று, 1956 வரை வாழ்ந்தாள். புதல்வியருள் ஒருத்திக்கு எட்டா என்றே பெயரிட்டாள்.

இவையெல்லாம் குழந்தையின் உடம்பின்மேல் விழுந்த அடியைப் பற்றியன. தாயின்மேல் விழும் அடி குழந்தைக்கு என்ன செய்யும் என்பது வேறு வினா. அவ்வினாவைச் சட்டம் ஓரளவு தொட்டது 1878-இல். பிரான்சிஸ் பவர் காப் என்னும் பெண்மணி, இங்கிலாந்தில் மனைவியர் படும் வதையைக் குறித்து அவ்வாண்டில் எழுதிய கட்டுரை பெருங்கிளர்ச்சி விளைத்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், மனைவியைக் கொடுமையாகத் தாக்கிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற கணவனை விட்டு அவள் பிரிந்து வாழவும், ஜீவனாம்சம் பெறவும், பத்து வயதிற்குட்பட்ட மக்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது. அடிபட்ட தாய்க்கும் அவள் பெற்ற குழந்தைக்கும் உள்ள தொடர்பு ஒரு சட்டத்தில் இவ்வாறு இடம்பெற்றது நினைக்கத்தக்கது. பதினொன்றாம் வயதுக் குழந்தையின் கதி யாது என்று கேட்பார் கேட்கலாம். சட்டம் அதற்கு விடை கூறவில்லை.

நம் நாட்டிற்கு வருவோம். 1876, 1897 ஆகிய ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் குற்றஞ்செய்த சிறுவரைப் பற்றியன. வீட்டிலிருந்து ஓடிப்போய்த் திருடி அகப்பட்டவன் செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுவான்; அவன் ஏன் ஓடினான் என்று கேட்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. அவ்வினாவிற்கு இடம்தந்தது 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென இயற்றப்பட்ட முதற் சட்டம் இதுவே என்பது நம் மாகாணத்துக்குப் பெருமை. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. ஆங்கில நாட்டு 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது இது. குற்றத்தாலோ குடியாலோ குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவராகிவிட்ட பெற்றோரிடமிருந்து அக்குழந்தையை நீதிமன்றம் பிரித்துக் காப்பில் வைக்கலாம் என்னும் கொள்கை அவ்வழியே நம் மாகாணத்திற்குள் வந்தது. தந்தைக்குப் பிள்ளையின்மேல் எல்லையற்ற அதிகாரம் உண்டு என்னும் பழைய எண்ணத்தில் விழுந்த முதல் விரிசல் அதுவெனலாம்.

குடி என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தார் வீட்டுக் கொடுமைக்குக் காரணம் தேடியபோது முதலில் அவர் கண்ணிற்பட்டது கள்ளுக்கடையே. 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். பெண்கள் மறியலுக்கு வருவதென்பது அந்நாளில் எளிய காரியமன்று. கடைவாயிலில் நிகழ்வதன் பயனை வீட்டுவாயிலிற் கண்டவர் பெண்களே யாதலின் அவர் வந்தனர். ராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கிற்று. 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டதும், இடையில் மீண்டும் வந்து மறைந்ததும், 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து விற்பதும் யாவரும் அறிந்தன. அவற்றின் அரசியலை இங்கே பேசப்போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். குடியொன்றையே காரணமெனக் கொண்டதால் நம்மவர் கண்ணுக்கு ஒரு திரை விழுந்தது. குடியாத வீட்டில் கொடுமையில்லை என்று எண்ணிவிட்டோம். சங்கத்தில் வழக்குப் பேசும் பெரியோர் முதலிற் கேட்பது, "பையன் குடிப்பானா?" என்பது. இல்லையெனில் வழக்கின் கனம் பாதியாகக் குறைந்துவிடும். விபூதி துலங்க, வெற்றிலையும் தொடாத ஒருவர், மனைவி அடுக்களையில் ஒரு பாத்திரத்தை ஓசைப்பட வைத்ததற்காக இரவு முழுதும் அவளைத் திண்ணையில் நிறுத்தியதை யான் அறிவேன். அடி மட்டுமே கொடுமையன்று. பழிச்சொல்லும், செலவுக்குக் காசு கொடாமையும், பிறந்தகத்தாரோடு பேசவிடாமையும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இவையனைத்தையும் அவ்வாறே கணக்கிடுகிறது.

இனி, அறிஞர் குழந்தையின் உள்ளத்தைக் கண்ட வரலாறு. இரண்டாம் உலகப்போரில் லண்டன் நகரின்மேல் குண்டுகள் விழுந்தபோது, ஆன்னா பிராய்டு, டாரதி பர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகள் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைக் காப்பகம் நடத்தினர். அங்கே அவர்கள் கண்டது வியப்பைத் தருவது. குண்டோசையினும் தாயைப் பிரிதலே குழந்தையை மிகுதியும் கலக்கியது. தாய் அருகிருந்து அவளும் மனங்கலங்காதிருந்தால், இடிந்த சுவரின் நடுவிலும் குழந்தை உறங்கிற்று. குழந்தைக்கு அரண் கட்டிடமன்று, தாயே. இதை எண்ணிப் பார்க்க: அவ்வரணின்மேலேயே அடி விழுமானால், அதுவும் அரணைக் காக்கவேண்டிய தந்தையின் கையால் விழுமானால், குழந்தை எங்கே போய் ஒதுங்கும்? குண்டு போடுவோன் பகைவன். அவனைக் குழந்தை வெறுத்துவிடலாம். தந்தையை அது வெறுக்கவும் மாட்டாது, நம்பவும் மாட்டாது.

1962-இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி கெம்பியும் அவர் துணைவரும், எக்ஸ்ரே படங்களில் ஆறிய எலும்பு முறிவுகளைக் கண்டு, அடியுண்ட குழந்தையின் நிலையை ஒரு நோய்க்குரிய இலக்கணம் போல வரையறுத்தனர். தார்தியு கூறி நூறாண்டு கழிந்தே வைத்திய உலகம் செவிசாய்த்தது. 1998-இல் பெலிட்டி, ஆண்டா முதலிய வைத்தியர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒருபடி மேற்சென்றது. அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் 9,508 பெரியவர்களிடம் அவர்தம் இளமைக்கால நிகழ்ச்சிகளைக் கேட்டு, அவற்றை அவர்களுடைய பிற்கால நோய்களோடு ஒப்பிட்டனர். கேட்கப்பட்ட ஏழு வகைத் துன்பங்களுள் தாய் அடிபடக் கண்டது என்பதும் ஒன்று. நான்கு வகையும் அதற்கு மேலும் பட்டவர்க்கு, ஒன்றும் படாதவரைவிடக் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை மிகுந்து காணப்பட்டன. கண்டு நின்றதும் பட்டதேயாம் என்பது இவ்வாறு கணக்கால் நிறுவப்பட்டது.

இவ்வளவும் நூலிற் கண்டவை. நேரிற் கண்டதைச் சொல்ல நாணுகிறேன், ஆயினும் சொல்லவேண்டும்.

பல ஆண்டுகட்கு முன், யான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாயிருந்தபோது, ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். செய்யுளை ஒருமுறை கேட்டால் ஒப்புவிப்பான். அரையாண்டிற்குப் பின் அவன் மாறினான். காலையிற் பிந்தி வருவான். முதற் பாடவேளையிலேயே உறங்குவான். பக்கத்துப் பையனைக் காரணமின்றிக் குத்துவான். ஒருநாள் கரும்பலகைத் துடைப்பான் என் கையினின்று தவறித் தரையில் விழுந்தது. வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் மட்டும் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்கடியிற் குனிந்தான். யான் அதைக் கோமாளிக்கூத்து என்று எண்ணி அவனை வெளியில் நிறுத்தினேன். அதனோடும் அமையாமல் அவன் தந்தையைப் பள்ளிக்கு வரவழைத்து, "பிள்ளையைக் கண்டித்து வளர்க்கவேண்டும்" என்று உபதேசமும் செய்தேன். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டு போனார்.

பையன் பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் அவனுடைய அம்மாயி, தலையிற் காய்க்கூடையோடு சந்தைக்குப் போகிறவர், பள்ளி வாயிலில் நின்று என்னை அழைத்தார். "வாத்தியாரய்யா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்லி விட்டீங்க. அன்னைக்கு ராத்திரி பையனுக்கு ஒரு பங்கு விழுந்துச்சு. புள்ளைய இப்படி வளத்தியான்னு எம் மகளுக்கு ரெண்டு பங்கு விழுந்துச்சு. இனிமே அவரைக் கூப்பிடாதீங்க சாமி" என்றார். கோபித்துக் கூறவில்லை, வேண்டிக்கொண்டார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாதக்கணக்கில் இரவுதோறும் அப்பையன், தாய்க்கும் தந்தைக்கும் இடையே பாயை விரித்துக்கொண்டு விழித்திருந்தானாம். அவன் வகுப்பில் உறங்கியதற்குக் காரணம் அதுவே. நன்னூலுக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு அந்த உறக்கத்திற்கு உரை தெரியவில்லை.

அதன்பின் யான் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றைச் சொல்லுகிறேன். கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாதென்பது பிழை. தாய் நடுங்கினால் அது பாலுண்ண மறுக்கும், காரணமின்றி வீறிடும், உறக்கம் கெடும். மூன்று நான்கு வயதில், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பி வரும். வந்த பேச்சுத் திக்கும். தாயின் முந்தானையை விடாது. பள்ளி வயதினர்க்கு வயிற்றுவலியும் தலைவலியும் அடிக்கடி வரும். வைத்தியர் பார்த்தால் நோய் இராது. இதனைப் பாசாங்கு என்று அதட்டலாகாது. வலி மெய்யே, அதன் இருப்பிடம் வயிறு அன்று. சில பிள்ளைகள் முரடராவர். வேறு சிலர் அளவிறந்த நல்லபிள்ளைகளாவர். சொன்னதையெல்லாம் செய்து, யார் முகம் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டேயிருப்பர். ஆசிரியர் முதல்வகையினரைத் தண்டிப்பர். இரண்டாம் வகையினரைப் பாராட்டுவர். இருவரையும் காணத் தவறுவர். பெண் குழந்தை எட்டு வயதிலேயே தம்பி தங்கையர்க்குத் தாயாகிவிடும். அதைப் பார்த்து நாம், "எவ்வளவு பொறுப்பு!" என்று மகிழ்கிறோம். வளர்ந்த பிள்ளைகளுள் ஆண்மகன் வீட்டுக்கே வராமல் திரிவான், அல்லது தாயையே தானும் ஏசத் தொடங்குவான். மகள் வீட்டைவிட்டு வெளியேற ஒரு வழி கிடைத்தாற் போதுமென்று படிப்பு முடியுமுன்னே கல்யாணத்துக்குத் தலையசைப்பாள்.

இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். ஒரு குறியைக் கண்டு ஒரு குடும்பத்தின்மேற் பழிசுமத்தல் தகாது. பல குறிகள் ஒருங்கு காணின், அல்லது நேற்று ஒருவாறிருந்த பிள்ளை இன்று வேறாயின், கேட்கவேண்டும். கேட்கும் முறை உண்டு. தனியிடத்தில், அவசரமின்றி, "உனக்கு ஏதோ கஷ்டம் இருக்கிறாப்போலத் தெரிகிறது" என்று தொடங்கி, அது சொல்லும்வரை காத்திருத்தல் வேண்டும், துருவுதல் கூடாது. சொன்னபின் சொல்லவேண்டிய முதற் சொல், "இது உன் பிழையன்று" என்பது. தான் சோற்றைச் சிந்தியதால், தான் குறைந்த மார்க்கு வாங்கியதால் சண்டை வந்தது என்றே குழந்தைகள் நம்புகின்றன. ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று அதற்கு வாக்குக் கொடுத்தலும் ஆகாது; காக்கவேண்டுமாயின் தகுந்த ஒருவரிடம் சொல்லத்தான் வேண்டும். யான் செய்ததுபோல அடிப்பவரை அழைத்து உபதேசித்தலோ, குழந்தை இன்னது சொல்லிற்று என்று அவர் காதில் விழச்செய்தலோ கொடிய பேதைமை. சண்டை மூளும்போது நடுவிற் புகாமல் எந்த வீட்டுக்கு ஓடவேண்டும், யாரைக் கூப்பிடவேண்டும் என்பதைத் தாயும் பிள்ளையும் முன்னரே பேசி வைத்துக்கொள்வது நலம். தாய்க்கு உதவுதலினும் சிறந்த மருந்து குழந்தைக்கு இல்லை. ஹாம்ஸ்டெட்டு அம்மையார் கண்டது நம் ஊருக்கும் பொருந்தும்.

சட்டம் இக்காலத்தில் எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1946-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கணவனோடு வாழ்தல் அபாயமாகுமளவு கொடுமை நேரின் இந்து மனைவி பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறலாம் என்றது. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு புகுத்தப்பட்டு, கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமை குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அது புதிய நியாயச் சட்டத்தின் 85, 86-ஆம் பிரிவுகளாக விளங்குகிறது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, குழந்தைக்கும் பயன்படுவது. மாஜிஸ்டிரேட் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தந்தை வந்து பார்ப்பது தீங்காகுமெனில் அதனை மறுக்கலாம். அடிப்பவர் குழந்தையின் பள்ளிக்குள் நுழைவதையும் தடுக்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவ்வாறு நடக்கிறதென்று நம்புவதற்குக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. பக்கத்து வீட்டு விவகாரம் நமக்கேன் என்பார் இதனை அறிதல் வேண்டும். குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்ணும், பெண்களுக்கு 181 என்னும் எண்ணும் கட்டணமின்றித் தொலைபேசியில் உதவும்.

2022-இல் சென்னை உயர்நீதிமன்றம், இல்லத்தில் அமைதி நிலவக் கணவன் வெளியேறுவதொன்றே வழியாயின் அவ்வாறே ஆணையிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இது நம் வழக்கத்தைத் தலைகீழாக்குவது. நம்மிடையே சண்டை மூண்டால், புடவை மூட்டையோடும் புத்தகப் பையோடும் வெளியேறுகிறவர் யாரென்று எல்லோர்க்கும் தெரியும். இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் நிகழும் கொடுமையைக் காணும், கேட்கும், அல்லது அதன் பயனை நுகரும் குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்று வெளிப்படையாகவே கூறிற்று. 1878 முதல் 2021 வரை கூட்டிப் பார்க்கின் 143 ஆண்டு. நம் சட்டத்தில் அத்துணைத் தெளிவான சொல் இன்னும் வரவில்லை.

இஃது எங்கோ நடப்பது, நம் இனத்தில் இல்லை என்பார்க்கு ஒரு கணக்கு. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் 100 பேருள் ஏறக்குறைய 38 பேர் கணவனால் அடியோ வேறு வன்செயலோ பட்டவர். இந்தியா முழுமைக்கும் அக்கணக்கு 29 அளவே. கல்வியிற் சிறந்த நாடு என்று நாம் மேடையேறிச் சொல்லுகிறோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் மட்டும் அக்கணக்கின் புறத்தே நிற்கின்றன என்று நினைக்க எனக்குத் துணிவில்லை. முன்கூடத்தில் அமர்ந்து பார்த்தவனாதலின்.

பழைய வழக்கம் முழுதும் தீதென்று யான் கூறவில்லை. பெண்ணுக்குத் துன்பம் நேர்ந்தால் தாய்மாமன் வண்டி பூட்டிக்கொண்டு வந்து நிற்பது நம் பக்கத்து உரிமை. காது குத்தவும் சீர் செய்யவும் மட்டுமே அவர் மாமனல்லர். அப்புச்சி வீடும் அம்மாயி மடியும் எத்தனையோ குழந்தைகளைக் காத்தன. மேற்சொன்ன பையனும் அம்மாயி வீட்டில் தங்கித்தான் பத்தாம் வகுப்பு முடித்தான். சங்கத்துப் பெரியோர் பேசிய பேச்சுக்குக் கட்டுப்பட்டுத் திருந்திய ஆண்களும் சிலருண்டு. குறை எங்கே வந்ததென்றால், 'சேர்த்து வைத்தல்' ஒன்றையே வெற்றி என்று நாம் எண்ணியதில் வந்தது. ஆண்டறிக்கையில், இத்தனை குடும்பங்கள் சேர்த்து வைக்கப்பட்டன என்று எழுதுகிறோம். சேர்ந்த வீட்டில் ஆறுமாதம் கழித்துக் குழந்தை உறங்குகிறதா என்று எவரும் போய்ப் பார்த்ததில்லை. "பிள்ளை முகத்துக்காகப் பொறுத்துக்கொள், தாயி" என்று பெண்ணுக்குச் சொல்லுகிறோம். அப்பிள்ளை முகத்தை நாம் ஒருமுறையேனும் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னோமா?

ஆதலின் சங்கச் செயலாளரவர்களிடம் யான் சில வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்குப் பேசும் நாளில் குழந்தைகளை முன்கூடத்தில் நிறுத்தாமல் பின்னறையில் ஒரு மூதாட்டியோடோ, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடோ இருக்கச் செய்யவேண்டும். "அப்பா வேணுமா, அம்மா வேணுமா" என்னும் வினாவைக் கூட்டத்தில் எவரும் கேட்டலாகாது. உடம்பில் அடிபட்ட வழக்குகளைச் சங்கம் தானே தீர்க்க முயலாமல், திண்டுக்கல்லிலுள்ள மாவட்டச் சமூகநல அலுவலகத்தைச் சார்ந்த பாதுகாப்பு அலுவலரிடம் அப்பெண்ணைத் துணையோடு அனுப்பிவைக்க வேண்டும். சேர்த்து வைத்த வீடுகளுக்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை மகளிர் இருவர் சென்று வரவேண்டும். கடைசியதற்குச் செலவு உண்டு. பஸ் கட்டணத்துக்கு ஒரு சிறு நிதி ஒதுக்கினாற் போதும். மண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் அதனைத் தாம் ஏற்பதாகக் கூறியுள்ளார்; பெயரை வெளியிட வேண்டாமென்றார்.

இவை அடுத்த பொதுக்குழுவிற் படிக்கப்படும். இது குடும்ப விஷயம், சங்கம் இதிற் புகுதல் தகாது என்று கருதும் பெரியோர் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பகையில்லை. நகையையும் சீரையும் பற்றிப் பேசச் சங்கம் புகலாமெனில் இதற்கு ஏன் புகலாகாது என்று அன்று யான் கேட்பேன். மறுமொழி உடையோர் நேரில் வந்து கூறுக. மகளிரும் அன்று வரலாமென்று தலைவரவர்கள் அனுமதி தந்துள்ளார்கள். பின்னறையிற் குழந்தைகளுக்குப் பாய் விரித்திருக்கும்.